எட்டாத திருகாணியும் எஞ்சினின் ஆயுளும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



பெரிய திட்டம் எதையும் விளக்க நான் இன்று வரவில்லை. எஞ்சினில் பழைய எண்ணெயை மாற்றும் சிறு வேலையைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நிலக்கடலை காய் பிடிக்கும் தருணத்தில், ஒரு கிணற்றில் டீசல் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. உள்ளேயிருந்த எண்ணெய் கரியும் கசடுமாய்க் குழம்பியிருந்தது. "காலத்தில் மாற்றியிருக்கலாகாதா?" என்று கேட்டேன். "தெரியாமலில்லை ஐயா, அந்தத் திருகாணிக்குக் கை எட்டினால்தானே!" என்றார் அம்முதியவர். எஞ்சின் பழுது நீங்குமுன் பயிரில் பாதி காய்ந்து போயிற்று. அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உறிஞ்சு குழாயில் நீர் ஏறக்கூடிய உயரம் கணக்குப்படி சுமார் 10 மீட்டர்; நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டரே. ஆகவே, நீர்மட்டம் தாழ்ந்த சில கிணறுகளில் எஞ்சினையும் பம்பையும் உள்மேடையில் இறக்கி வைக்கிறார்கள். அங்கே வடிதிருகாணியின் கீழ் ஒரு தட்டு வைக்கவும் இடமிருப்பதில்லை.

இதற்கு எளிய சாதனங்கள் உண்டு. முதலாவது, வடிகுழாய். திருகாணியின் இடத்தில் அதே மரை கொண்ட குழாயையும் வால்வையும் பொருத்தி, எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர்க் குழாயைக் கை எட்டும் இடம்வரை கொண்டுவர வேண்டும். அதிர்ச்சியில் வால்வு திறந்துகொண்டாலும் எண்ணெய் வீணாகாதபடி குழாயின் முனைக்கு மூடி அவசியம். இரண்டாவது, உறிஞ்சு கைப்பம்பு. எண்ணெய் அளவுகோல் செருகும் துவாரத்தின் வழியே மெல்லிய குழாயை விட்டு எண்ணெயை மேலே இழுத்துவிடலாம். ஆனால் அடிக்கசடு தங்கிவிடுமாதலால், இடையிடையே அடித்துவாரத்தின் வழியாகவும் வடிப்பது நலம். மூன்றாவது, புது எண்ணெய் ஊற்ற நீண்ட மூக்குள்ள புனல்.

எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கையில் எண்ணெய் இளகி எளிதில் வடியும். ஆயினும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரும் கிணற்றில் இறங்கலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாத நஞ்சு. எஞ்சினை நிறுத்தி, புகை நன்றாக வெளியேறிய பின், மேலே ஒருவர் காவல் இருக்க இறங்குங்கள். எத்தனை மணி ஓட்டத்திற்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்பது எஞ்சினுடன் வந்த கையேட்டில் இருக்கும். ஓடிய மணிகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

வடித்த எண்ணெயைக் கிணற்றோரம் கொட்டாதீர்கள். அது மண்ணில் ஊறி நாம் குடிக்கும் நீரையே கெடுக்கும். மூடியுள்ள கலத்தில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்புவோரிடம் கொடுங்கள்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பம்பு தினமும் தேவைப்படும் பொருளன்று. ஊருக்கு ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்தால் பலருக்கும் உதவும். கை எட்டாத இடத்திற்கு வழி செய்து கொடுத்தால் வேலை தானே நடக்கும். எஞ்சினும் பிழைக்கும், பயிரும் பிழைக்கும்.