காகிதம் போகலாம், கஃபாலத் போகலாமா?

(நமது பள்ளியில் வியாபாரச் சகோதரர்களுக்காக நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால், மதரஸாவில் ஓதும் பிள்ளைகளும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் என்பர். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக் கொள்வதைப் பற்றியது. ஆகவே வியாபார ஆவணம் பற்றிப் பேசுவது மார்க்கத்திற்குப் புறம்பான பேச்சன்று.

இதனை இன்று பேசக் காரணம் உண்டு. நம் பக்கத்துப் பெங்களூரா மாங்காய்கள் கிருஷ்ணகிரி ஆலைகளில் கூழாகி, வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகின்றன. அவ்வியாபாரத்தில் புதிதாக இறங்கிய சகோதரர் ஒருவர் நம்மிடம் வந்து, கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். "ஹஜ்ரத், ஸ்விஃப்ட் காப்பி வந்துவிட்டது என்று நம்பிச் சரக்கை அனுப்பினேன். மூன்று வாரமாகியும் கணக்கில் பணம் ஏறவில்லை. எல்.சி. எல்லாம் பழைய காலத்து முறை, இப்போது எல்லாம் எலக்ட்ரானிக் என்றார்களே!" என்று கலங்கினார்.

எல்.சி. என்பது யாது? குறித்த ஆவணங்கள் குறித்த நாளுக்குள் சரியாக வந்து சேர்ந்தால் பணம் தருவது எம் பொறுப்பு என, வாங்குபவரின் வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி. பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தகச் சபை இதற்கு 1933இல் விதிகள் வகுத்தது. 2007 ஜூலை முதல் நடைமுறையிலிருப்பது யூ.சி.பி. 600 எனும் விதித்தொகுப்பு. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை. தாளை மட்டுமே பார்க்கும். தாள்களுக்கிடையே முரண்பாடு இருப்பின் பணம் நின்றுவிடும். தாள் வந்து சேருமுன் கப்பல் வந்து சேர்வதும் உண்டு. செலவும் அதிகம். ஆதலால்தான் உலகம் மாற்றுவழி தேடிற்று.

நம் ஃபிக்ஹு அறிஞர்கள் எல்.சி.யை இரு பகுதிகளாகப் பிரித்துக் காண்கின்றனர். ஆவணங்களைச் சரிபார்ப்பது வகாலத். அதாவது, பிரதிநிதியாக நின்று செய்யும் பணி. பணத்திற்குப் பொறுப்பேற்பது கஃபாலத், அதாவது, ஜாமீன். புதிய முறைகளை எடைபோட இதுவே நல்ல அளவுகோல்.

2002 ஏப்ரலில் வந்த இ-யூ.சி.பி. விதிகள் காகிதத்திற்குப் பதிலாக மின் ஆவணங்களை ஏற்றன. ஜாமீன் அப்படியே நின்றது. 2013 ஜூலையில் பேங்க் பேமெண்ட் ஆப்ளிகேஷன் எனும் முறைக்கு விதிகள் வந்தன. அதில் தாளே வங்கிக்குச் செல்வதில்லை. இரு தரப்புத் தகவல்களும் கணினியில் ஒத்துப்போனால், வாங்குபவரின் வங்கி விற்பவரின் வங்கிக்குப் பணம் தரக் கடமைப்படும். இங்கும் ஜாமீன் உண்டு. ஆயினும் அம்முறை பரவி நிலைக்கவில்லை. 2018 நவம்பரில் ரிலையன்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் டிரைகான் நிறுவனத்திற்கு விற்ற சரக்கிற்கு, ஹெச்.எஸ்.பி.சி., ஐ.என்.ஜி. வங்கிகள் பிளாக்செயின் வழியாக எல்.சி.யை நடத்தின. அங்கும் மாறியது தாள் செல்லும் வழியே. வங்கியின் பொறுப்பு மாறவில்லை.

சட்டமும் மாறி வருகிறது. மின் வடிவ உரிமை ஆவணங்களுக்காக ஐ.நா. 2017இல் மாதிரிச் சட்டம் வகுத்தது. அதை முதலில் ஏற்ற நாடு பஹ்ரைன். 2023இல் பிரிட்டனும் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் மெர்ஸ்க், ஐ.பி.எம். நிறுவனங்கள் நடத்திய டிரேட்லென்ஸ் தளம் மூடப்படுவதாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டதையும் மறத்தலாகாது. பெரிய பெயர் மட்டுமே ஜாமீன் ஆகாது.

இப்போது அச்சகோதரரின் ஸ்விஃப்ட் காப்பிக்கு வருவோம். அதில் கஃபீல் யார்? ஒருவருமில்லை! அது உண்மையானதாயினும், பணம் அனுப்பும்படி ஒரு வங்கி எழுதிய செய்தியின் படமே. பொய்யாயின், எவரும் தம் கணினியில் தயாரிக்கக் கூடியது. அது எல்.சி.யின் மாற்று அன்று. வெறும் கடன் வியாபாரம்.

அல்ஹம்துலில்லாஹ், பில் ஆஃப் லேடிங் எனும் கப்பல் ரசீதின் மூலத்தை அவர் அனுப்பியிருக்கவில்லை. அதனால் சரக்கின் உரிமை அவர் கையிலேயே இருந்தது. துறைமுகத் தாமதக் கட்டணம் கட்டி, குறைந்த விலைக்கு வேறொருவருக்கு விற்றார். இலாபம் போயிற்று, முதல் தப்பிற்று.

ஆகவே மூன்று கேள்விகளை மனத்தில் பதித்துக் கொள்வோம். பணத்திற்குப் பொறுப்பேற்பவர் யார்? நம் வங்கிக்கு நேரில் சென்று உறுதி செய்தோமா? பணம் வரும்வரை சரக்கின் உரிமை ஆவணம், தாளாயினும் மின் ஆவணமாயினும், யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது? எல்.சி. இன்றி அனுப்பியே ஆக வேண்டுமெனில், 1957 முதல் செயற்படும் மத்திய அரசின் இ.சி.ஜி.சி. நிறுவனம் ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தருகிறது. அதன் நிபந்தனைகளை விசாரித்து அறிவோம். அக்காப்பீட்டின் மார்க்கச் சட்டம் குறித்து ஐயமுள்ளோர் ஆலிம்களிடம் தெளிவு பெறட்டும்.

அந்த மாங்கூழில் ஏற்றுமதியாளரின் பணம் மட்டும் இல்லை. தோட்டக்காரரின் பாக்கியும், காய் பறித்தவரின் கூலியும் அதில் உண்டு. அவை அமானிதம். எழுதிக் கொள்வதும் விசாரிப்பதும் பிறரைச் சந்தேகிப்பதாகா, அமானிதத்தைப் பேணுவதாகும்.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரங்களில் ஹலாலான பரக்கத்தை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.