அயல் அரங்கில் ஓர் ஆட்டம்

அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. அங்கே பெரிய பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த அரங்குகள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் 1,07,601 பேர் அமரலாம். இத்தகைய வீட்டை விட்டுத் தொலைநகரத்துப் பொது அரங்கிற்குச் சென்று ஆடுவதால் ஓர் அணிக்குப் பயன் உண்டா?

2008-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் அலபாமாவும் கிளெம்சனும் மோதின. தரவரிசையில் கிளெம்சனுக்கு 9-ஆம் இடம். அலபாமாவுக்கு 24-ஆம் இடம். எனினும் அலபாமா 34-10 என வென்றது. மறு பருவத்தில் நாட்டின் வாகையும் சூடிற்று. பெயரெடுக்க விழையும் அணிக்கு இதனினும் நல்ல மேடை ஏது? தோற்ற கிளெம்சனின் பயிற்சியாளரோ அக்டோபரிலேயே பதவி விலகினார். அத்தோல்வி ஒன்றே காரணம் அன்று. ஆயினும் சரிவு அங்கேதான் தொடங்கிற்று.

ஏற்கெனவே புகழுடைய மிச்சிகன் 2012-இல் டெக்சாஸ் வரை சென்று, அதே அலபாமாவிடம் 41-14 எனத் தோற்றது. பணம் கிடைத்தது, உண்மை. ஆனால் விடுதியிலிருந்து நடந்தே அரங்கையடையும் மாணவன், ஆயிரம் மைல் பயணத்திற்குப் பொருளின்றி வானொலியின்முன் அமர நேர்ந்தது. (வானொலியாருக்கு அதில் வருத்தமிராது!) அவனுடைய ஆரவாரத்தை அணி இழந்தது, வருவாயை ஊர்க் கடைக்காரர் இழந்தனர். இவ்விழப்பைக் கணக்கிற் சேர்ப்பார் அரியர்.

டல்லாஸ் நகரத்து ஆட்டம் மட்டும் வேறு வகை. டெக்சாஸ், ஓக்லஹோமா இரண்டிற்கும் அந்நகர் ஏறத்தாழச் சம தொலைவு. மாநிலப் பொருட்காட்சி நடைபெறும் திடலிலேயே, ஆண்டுதோறும், ஒரு பாதி இருக்கைகளில் இவர்களும் மறு பாதியில் அவர்களுமாக அமர்ந்து காண்கின்றனர்.