சில்லு எறி, தத்திப் போ

வாசலில் சாக்பீஸால் கட்டம் கிழித்து, உடைந்த ஓட்டுச்சில்லு ஒன்றை எறிந்து, ஒற்றைக்காலில் தத்திப் போகும் பாண்டி விளையாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். தொடை, இடுப்பு, முதுகு எனப் பெரிய தசைகளுக்கு இவ்வளவு மலிவான பயிற்சி வேறில்லை.

ஒற்றைக்காலில் நிற்கும்போது உடம்பின் முழு எடையும் ஒரே பாதத்துக்கு வருகிறது. கணுக்கால் விடாமல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இடுப்புத் தசைகள் உடம்பைச் சாயாமல் பிடிக்கின்றன. உள்காது சமநிலையைக் கவனிக்கிறது. அதே நிலையில் குனிந்து சில்லை எடுப்பது இருக்கிறதே, அதுதான் இந்த ஆட்டத்தின் உச்சம். சின்னப் பிள்ளைக்கு அது பெரிய சாதனை!

பெரும்பாலான குழந்தைகள் 4 வயதை ஒட்டித்தான் ஒற்றைக்காலில் தத்துவார்கள். அதற்கும் சிறிய பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு காலாலும் குதிக்கட்டும், கோட்டின் மேல் நடக்கட்டும். வளர்ந்த பிறகு கால் மாற்றி ஆடட்டும். பையன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதைப் பெண்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கியது சரியே இல்லை.

3, 4 வயதுக் குழந்தைகள் தினமும் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். திரை முன் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது.

இன்று சாயங்காலம் வாசலில் கட்டம் போடுங்கள். பிள்ளையோடு நீங்களும் ஓர் ஆட்டம் ஆடுங்கள்.