காலும் வேண்டும், பாதையும் வேண்டும்

(பழவங்காடியில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலைக் கம்போளத்தில் மூட்டை சுமப்பவர், கட்டடத்தில் சாரம் ஏறுபவர், ஓட்டல் அடுப்படியில் நிற்பவர் - இவர்கள்தாம் நம் சங்கம். ஊரைவிட்டு வந்த நமக்கு நிலம் நீச்சு கிடையாது. கையும் காலும்தான் சொத்து. அந்தச் சொத்து ஒரு நாள் மாடியிலிருந்து விழுந்து போய்விட்டால் என்ன கதி என்று பேசாமல், கூலி உயர்வை மட்டும் பேசிக்கொண்டிருப்பது பாதிப் பேச்சு. கால் போனவனுக்கு நம் சமுதாயம் காலங்காலமாகக் காட்டிவந்த இடம் கோயில் வாசல். அவன் கேட்பது பிச்சை அல்ல, வேலை!

ராஜஸ்தானத்து ஜெய்ப்பூரில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். 1968 வாக்கில் அங்கே சவாய் மான்சிங் மருத்துவமனையில் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞர் இருந்தார். பெரிய படிப்பு இல்லாதவர். கால் இழந்தவர்களுக்கு மேல்நாட்டு முறையில் செய்த செயற்கைக் கால் கொடுக்கப்பட்டு வந்தது. அது பூட்ஸ் மாட்டி நாற்காலியில் உட்காருகிறவனுக்காகச் செய்த கால். அதைக் கட்டிக்கொண்டு குந்த முடியாது, சம்மணமிட முடியாது, வெறுங்காலோடு வயல் சேற்றில் இறங்க முடியாது. வாங்கியவர்கள் அதை மூலையில் போட்டுவிட்டுக் கட்டையை ஊன்றிக்கொண்டு போனார்கள். சர்மா என்ன செய்தார்? லாரி டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறைத் தொழிலைப் பயன்படுத்தி, மனிதப் பாதம் போலவே ரப்பரில் ஒரு பாதம் வார்த்தார். எலும்பு வைத்தியர் பி. கே. சேத்தியும் மற்ற மருத்துவர்களும் அதைச் சீர்படுத்தினார்கள். குந்தலாம், மரம் ஏறலாம், நாற்று நடலாம். 1975-இல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங்க சகாயதா சமிதி அதை ஏழைகளுக்கு இலவசமாகவே பொருத்திவருகிறது. 1981-இல் மகசேசே விருது டாக்டர் சேத்திக்குக் கிடைத்தது. தகுதியானவர்தான். ஆனால் பாதத்தை வார்த்த கையின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, அது வேறு கதை.

கருவி உழைக்கிறவனின் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன். இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்கர நாற்காலிக்கு முன்னால் ஒரு மோட்டாரைப் பூட்டினால் அது தெருவில் ஓடும் வண்டியாகிறது. நல்ல சங்கதி. ஆனால் ரேஷன் கடைக்கு மூன்று படி இருந்தால் அந்த வண்டி என்ன செய்யும்? வாசலில் நிற்கும். அவ்வளவுதான்.

ரொனால்ட் மேஸ் என்றொரு அமெரிக்கக் கட்டடக் கலைஞர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிச் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். ஊனமுற்றவனுக்கென்று பின்பக்கம் தனி வாசல் வைக்காதே, எல்லோரும் வரும் வாசலையே எல்லோருக்கும் ஏற்றதாகக் கட்டு என்றார் அவர். இது நமக்குப் புரியாத தத்துவம் அல்ல. சாலைக் கம்போளத்தில் கைவண்டி தள்ளுகிறவரைக் கேளுங்கள், படி நல்லதா, சாய்தளம் நல்லதா என்று! பிள்ளைத்தாய்ச்சிக்கும், முழங்கால் தேய்ந்த கிழவிக்கும் அதே சாய்தளம்தான் வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம், விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னது. விதிகள் 2017-இல் வந்தன. 2022-இல் கெடு முடிந்தது, படிகள் முடியவில்லை. 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், இந்தத் தரங்கள் வெறும் சிபாரிசாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பார்வையற்ற ஒருவர் 2005-இல் போட்ட வழக்கு அது. சென்னையிலும் மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போராடிய பிறகுதான் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடின. தமிழ்நாட்டில் 2010-இல் "ஊனமுற்றோர்" என்ற பெயரை மாற்றினார்கள். பேருந்தின் படியை மாற்ற இன்னும் பதினாலு வருஷம் ஆயிற்று.

நம் கிழக்கேகோட்டையில் 2022 ஆகஸ்டில் நடை மேம்பாலம் திறந்தார்கள். லிப்டும் வைத்தார்கள், பாராட்டுகிறோம். அந்த லிப்ட் வாசல் வரை சக்கர நாற்காலி உருண்டு வர நடைபாதை ஒழுங்காக இருக்கிறதா, லிப்ட் எல்லா நேரமும் ஓடுகிறதா என்று பார்த்துக் கேட்பது நம் வேலை.

இனி நம் தனிச் சங்கடம். மாநில அரசு தரும் மூன்று சக்கர ஸ்கூட்டர் போன்றவற்றுக்குக் குடியிருப்புச் சான்று வேண்டும். ரேஷன் கார்டு தென்காசியில், உடம்பு திருவனந்தபுரத்தில் என்றால் இரண்டு அரசும் கைவிரிக்கும். ஆனால் ஊனச் சான்று அப்படி அல்ல. ஒரு மாநிலத்தில் வாங்கினால் நாடு முழுவதும் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. சொந்த மாவட்டத்துக்குத்தான் ஓட வேண்டும் என்பதும் இல்லை. சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலேயே மனுக் கொடுக்கலாம் என்று 2017 விதிகளில் இடம் வைத்திருக்கிறார்கள். நாற்பது சதவீத ஊனம் என்ற சான்று இருந்து, வருமானமும் வரம்புக்குள் இருந்தால், மத்திய அரசின் உபகரணத் திட்டத்தில் செயற்கைக் கால், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி எதற்கும் மனுப் போடலாம்.

ஆகவே தோழர்களே, விபத்து நடந்தவுடன் கான்டிராக்டர் கையில் திணிக்கும் ஆயிரம் இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு ஏறிவிடாதீர்கள். மருத்துவமனைச் சீட்டு ஒன்றையும் கிழித்துப் போடாதீர்கள். ஆதாரையும் அந்தச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். ஞாயிறு காலையில் மனு எழுதித் தர ஆள் இருக்கும். மாடிப்படி ஏற முடியாதவர்கள் கீழே கடையில் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் இறங்கி வருகிறோம். அலுவலகத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றும் தீர்மானத்தை அடுத்த செயற்குழுவில் நானே கொண்டுவருகிறேன்.