பல்வேரினுள் ஒரு மெல்லிய காவல்



சொத்தை ஆழ்ந்து பற்கூழைத் தொட்டுவிட்டால், முன்னாளில் பல்லைப் பிடுங்குவதே வழக்கம். இன்று அழுகிய கூழை அகற்றி, வேரினுள் ஓடும் குழலைத் துப்புரவு செய்து, நிரப்பி மூடிப் பல்லைக் காக்கின்றனர். 'ரூட் கெனால்' என்று மக்கள் வழங்கும் சிகிச்சை இதுவே. நிரப்பும் பொருளுக்கும் குழற்சுவருக்கும் இடையே பூசும் அடைப்புப் பசையைப் பற்றி நான் பேச விரும்புகிறேன்.

துப்புரவு செய்த குழலை ஏன் நிரப்ப வேண்டும்? 1965இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். கிருமி அணுகாவண்ணம் வளர்த்த எலிகளிலும் சாதாரண எலிகளிலும் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டனர். சாதாரண எலிகளின் கூழ் அழிந்தது. மற்றவற்றிலோ, உணவுத் துணுக்கு உட்புகுந்தபோதிலும், கூழ் உயிரோடிருந்து புண்ணைத் தானே மூடத் தொடங்கியது. கேடு விளைப்பது கிருமியே என்பது தெளிவாயிற்று. எவ்வளவு கழுவினாலும் வேர்ச்சுவரின் நுண்துளைகளில் சில கிருமிகள் ஒதுங்கியிருக்கும். வேர்நுனி வழியாக உடல்நீர் கசிந்து வந்தால் அவற்றுக்கு அதுவே உணவாகும்.

குழலை நிரப்பப் பெரிதும் பயன்படுவது கட்டாப்பெர்ச்சா. மலாய்க் காட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் இதுவே. ஆனால் இது பற்சுவரில் தானே ஒட்டாது. அந்த இடைவெளியை அடைப்பதே பசையின் பணி. கல்லை இழைத்துக் கட்டும் கொத்தர் சாந்தை மெல்லியதாகவே இடுவர் அன்றோ? இங்கும் அப்படித்தான். பசைப் படலம் 50 மைக்ரானுக்கு மேற்படலாகாது என்பது பன்னாட்டுத் தரவிதி. இறுகிய பசை நீரில் கரைந்து இழக்கும் எடை நூற்றுக்கு 3 பங்கைத் தாண்டலாகாது. எக்ஸ்ரே படத்திலும் அது தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையேல், எங்கே நிரம்பியது, எங்கே இடைவெளி விழுந்தது என்று மருத்துவர் எவ்வாறு அறிவார்?

நல்ல பசைக்குரிய இயல்புகளை அமெரிக்கப் பல்மருத்துவ அறிஞர் கிராஸ்மன் தொகுத்துரைத்தார். அவற்றுள் சில ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றும். பசை உடல்நீரில் கரையலாகாது. ஆயினும் சிகிச்சையை மீண்டும் செய்ய நேர்ந்தால், மருத்துவர் இடும் கரைப்பானுக்கு இளகவேண்டும். கிருமியை ஒடுக்கவேண்டும், வேர்நுனிக்கு அப்பாலுள்ள உயிர்த்தசையை வருத்தலாகாது. இவ்விரண்டாவது முரண்தான் கடினமானது. கிருமியைக் கொல்லும் ஆவலில் பாராபார்மால்டிஹைடு கலந்த பசைகளைச் சிலர் கையாண்டனர். அது கீழ்த்தாடை நரம்பருகே பிதுங்கிச் சென்று, உதடு நெடுங்காலம் மரத்துப்போன நோயாளிகள் உண்டு. அதனை நான் மருந்தென்று சொல்லத் துணியேன்.

துத்தநாக ஆக்சைடோடு கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜெனாலைக் குழைப்பது பழைய முறை. பல்வலிக்குக் கிராம்பை வைக்கும் நம் வீட்டுப் பெரியோர்க்கு அதன் மணம் புதிதன்று. கிருமியை நன்கு ஒடுக்கும். நாளடைவில் சிறிது சிறிதாகக் கரையும். 1950-களில் சுவிட்சர்லாந்தில் ஷ்ரோடர் எபாக்சிப் பிசினைக் கொணர்ந்தார். அது குறைவாகவே கரையும். சுவரில் நன்கு பற்றும். முதலில் வந்த வகை இறுகும்போது சிறிது பார்மால்டிஹைடை வெளிவிட்டது. பின்வந்த வகைகளில் அக்குறை பெரிதும் நீங்கியது.

அண்மைக்காலத்தது கால்சியம் சிலிக்கேட்டுப் பசை. வீடு கட்டும் போர்ட்லாண்டு சிமெண்டுக்கு உறவானது! பல்லிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி இறுகும். அப்போது எழும் கடுங்காரத்தன்மை கிருமிகளுக்கு ஒவ்வாது. இறுகியபின் உயிர்த்தசை இதனைப் பெரிதும் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் இறுகிய சிமெண்டு எளிதில் இளகுமா? மீண்டும் குழலைத் திறக்க நேர்ந்தால் மருத்துவர்பாடு திண்டாட்டமே.

இனி, பசை எத்தகையதாயினும் மேலே பல் திறந்திருந்தால் உமிழ்நீர் அதனை அரிக்கத் தொடங்கும். தற்காலிகமாக அடைத்த மேல்மூடி சில வாரங்களுக்கே தாங்கும். வலி நின்றதும் நிலையான மூடியை வைத்துக்கொள்ள வாராமல் மாதக்கணக்கில் இருந்துவிடுவோர் பலர். அவர்கள் பல்லில் கிருமி இம்முறை மேலிருந்தே இறங்குகிறது.