ஏஸ் எங்கேயும் ஓடிப்போகாது

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசும்போது கரும்பலகையில் எழுதிக் காட்டிய சீட்டுகளைப் படிப்பவர்கள் வசதிக்காக இங்கே அச்சில் சேர்த்திருக்கிறேன்.)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'பொறியாளர்' என்றும் தலைப்பில் 'பிரிட்ஜ்' என்றும் போட்டிருப்பதைப் பார்த்து, ஏ.வி. பாலத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பாலம் கட்டுவது என் பிழைப்பு. இன்றைக்குப் பேசப்போவது சீட்டாட்டம்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் செட்டில் நான்கு பேர் சேர்ந்து, விடுதியில் ஒரு அறையில் நான்கு மேஜை போட்டு மாணவர்களுக்கு பிரிட்ஜ் சொல்லிக்கொடுக்கிறோம் என்று முதல்வரிடம் கேட்டோம். அவர், "ஹாஸ்டல்ல சீட்டாட்டமா? நாளைக்குப் பெத்தவங்க வந்து கேட்டா நான் என்னப்பா பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. இந்த வண்டியூரிலும் சுற்றுப்பட்டிலும் சீட்டு என்றால் ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தவன், அடகுக்கடைக்குப் போன நகை, வீட்டில் அழுகை. நானே எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். துண்டுக்குப் பதிலாக செல்போன் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. 2022-இல் தமிழக சட்டமன்றமும் 2025-இல் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றும் அளவுக்குப் போய்விட்டது. ஆகவே 'இது மூளைக்கு வேலை' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட முடியாது. ஒரு கையை எடுத்து ஆடிக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சட்டப்படிக்கு ஒரு வார்த்தை. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியதைப் பற்றிய வழக்கில், 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. அதில் இருக்கும் அதிர்ஷ்டம், பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது இருக்கும் அதிர்ஷ்டம் மாதிரிதான் என்பது நீதிபதிகள் சொன்ன ஒப்புமை. நடத்துகிறவர் அதில் லாபம் பார்த்தால் கதை வேறு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எங்கள் மேஜையில் காசும் கிடையாது, லாபமும் கிடையாது.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு, எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட, பெரிய சீட்டுக்காரர் அள்ளுவதை 'பிடி' என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13 பிடி. இத்தனை பிடி எடுக்கிறேன் என்று ஏலம் கேட்டு ஜெயித்தவர்தான் ஆட்டக்காரர். அவருக்கு இடதுபுறம் இருப்பவர் முதல் சீட்டை இறக்கியதும், ஆட்டக்காரரின் கூட்டாளி தன் 13 சீட்டையும் மேஜையில் விரித்துவிட்டுச் சும்மா இருப்பார். அவருக்கு டம்மி என்று பெயர். அதற்குப் பிறகு இரண்டு கையையும் ஆட்டக்காரரே ஆடுவார். ஏலம் தனிக் கடல்; அதில் இன்று இறங்கவில்லை.

டம்மி விரிந்த அந்த நிமிஷம்தான் முக்கியம். பழகாதவர் கை உடனே ஒரு சீட்டைத் தொட்டுவிடும். எங்களுக்கு விடுதி வராந்தாவில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த கணக்கு வாத்தியார், அந்த நேரத்தில் கைகளைக் கட்டிக்கொள்ளச் சொல்வார். முதல் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் எண்ண வேண்டும். பார்ப்போம்.

முதல் கை. துருப்பே இல்லாத ஆட்டம். ஒன்பது பிடி எடுக்க வேண்டும்.

டம்மி:
இஸ்பேடு: 8 5
ஆர்ட்டின்: 7 6 2
டைமண்ட்: ராஜா 9 8 5 3
கிளாவர்: ராஜா ராணி 4

நம் கை:
இஸ்பேடு: ஏஸ் 6 3
ஆர்ட்டின்: ஏஸ் ராஜா 5
டைமண்ட்: ராணி ஜாக்கி 10 4
கிளாவர்: ஏஸ் 8 2

இடதுபுறக்காரர் இஸ்பேடு ராஜாவை இறக்குகிறார். கையைக் கட்டிக்கொண்டு எண்ணுங்கள். யாரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடிய பிடி எத்தனை? இஸ்பேடில் ஒன்று, ஆர்ட்டினில் இரண்டு, கிளாவரில் மூன்று, ஆக ஆறு. மூன்று குறைகிறது. எங்கிருந்து வரும்? டைமண்டிலிருந்து. அதில் ஏஸ் ஒன்றுதான் எதிரியிடம். அதைப் பிடுங்கிவிட்டால் நாலு பிடி நமக்கு. ஆறும் நாலும் பத்து, ஒன்று மிச்சம். ஜெயித்தாயிற்று என்று இஸ்பேடு ஏஸைப் போட்டு ராஜாவை அள்ளிக்கொண்டு டைமண்டை இறக்கினால் என்ன ஆகும்?

எதிராளிகள் இருவரிடமும் சேர்த்து எட்டு இஸ்பேடு. அது 5-3 என்று பிரிவது 100-க்கு 47 தடவை. அப்படிப் பிரிந்திருந்தால், டைமண்ட் ஏஸ் வைத்திருப்பவர் அதைப் போட்டு உள்ளே வருவார். அவர் இடதுபுறக்காரராக இருந்தால் தானே இஸ்பேடை அடிப்பார். வலதுபுறக்காரராக இருந்தால் இஸ்பேடைக் கூட்டாளிக்குத் திருப்புவார். எப்படியானாலும் இஸ்பேடில் நாலு, டைமண்டில் ஒன்று, ஆக ஐந்து போச்சு. நமக்கு எட்டுதான்.

இப்போது வாத்தியார் வழி. முதல் ராஜாவை விட்டுவிடுங்கள். அடுத்து ராணி வரும், அதையும் விடுங்கள். நான் முதல் தடவை இதைப் பார்த்தபோது, "சார், ஏஸைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு பிடியை விடுறதா?" என்றேன். அவர், "தம்பி, ஏஸ் எங்கயும் ஓடிப்போகாது. அதுக்குக் கால் கிடையாது" என்றார். மூன்றாவது தடவை இஸ்பேடு வரும்போது ஏஸைப் போடுகிறோம். இதற்குள் வலதுபுறக்காரரிடம் இருந்த மூன்று இஸ்பேடும் தீர்ந்துவிட்டன. இப்போது டைமண்டை இறக்குகிறோம். ஏஸ் வலதுபுறத்தில் இருந்தால், அவர் அதைப் போட்டுப் பிடிக்கலாம். ஆனால் கூட்டாளிக்குக் கொடுக்க அவரிடம் இஸ்பேடு இல்லை. அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு நல்ல இஸ்பேடும் வெறும் காகிதம். நமக்குப் பத்துப் பிடி.

ஏஸ் இடதுபுறத்தில் இருந்தால்? தோற்றோம். அது நம் கையில் இல்லை. ஆனால் 5-3 பிரிவில் அவசரக்காரர் டைமண்ட் ஏஸ் எந்தப் பக்கம் இருந்தாலும் தோற்கிறார். பொறுத்தவர் ஒரு பக்கம் இருந்தால் மட்டும் தோற்கிறார். இஸ்பேடு 4-4 என்று பிரிந்திருந்தால் இருவருமே ஒன்பது எடுத்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் வெள்ளம் எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. தூணைத் தெரிந்த கணக்குக்குள் நிறுத்துகிறோம். இதுவும் அந்த ஜாதிக் கணக்குதான்.

இந்தப் பிரிவுக் கணக்குகளில் நாலைந்தை மனப்பாடம் செய்தால் போதும். எதிரிகளிடம் ஐந்து சீட்டு இருந்தால் அது 3-2 என்று பிரிவது 100-க்கு 68. நாலு இருந்தால் 2-2 என்று பிரிவதைவிட 3-1 என்று பிரிவதுதான் அதிகம், 40-க்கு 50. புதிதாக ஆடுபவர்கள் யாரும் இதை நம்புவதில்லை. ஆறு இருந்தால் 4-2 என்பது 48, 3-3 என்பது 36. ஒருவருக்கு வரக்கூடிய 13 சீட்டின் வகைகள் 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. அத்தனைக்கும் சேர்த்து உபயோகப்படுவது இந்த நாலைந்து எண்கள்தான். கணக்குப் பிரிவு மாணவர்கள் மாலையில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது போக்குவரத்து. இதைப் புரிந்துகொள்ள வண்டியூர் தெப்பக்குளத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. குளத்தில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிக்கொண்டே மைய மண்டபத்துக்கு நடந்துபோவார்கள். தண்ணீர் நிறைந்துவிட்டால் படகு வேண்டும். டம்மிதான் அந்த மைய மண்டபம். அங்கே எவ்வளவு நல்ல சீட்டு இருந்தாலும், போக ஒரு படகு இல்லையென்றால் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

துருப்பில்லா ஆட்டம். டம்மியில் கிளாவர் ஏஸ், ராஜா, 7, 6, 4, 2. நம் கையில் 5, 3. டம்மியில் வேறு எந்த இனத்திலும் பெரிய சீட்டு இல்லை. ஏஸ், ராஜா இரண்டையும் முதலில் அடித்துவிட்டு மூன்றாவதை எதிரிக்குக் கொடுத்தால், மிச்சம் மூன்று கிளாவரும் நல்ல சீட்டாகிவிடும். ஆனால் அங்கே போகப் படகு இல்லை. முதல் சுற்றிலேயே இரண்டு பக்கமும் சின்னச் சீட்டாகப் போட்டு ஒரு பிடியைக் கொடுத்துவிடுங்கள். நம் கையில் இன்னொரு கிளாவர் இருக்கிறதே, அதுதான் படகு. பிறகு அதை ஏறிப்போய் ஏஸ், ராஜா அடித்தால், 100-க்கு 68 தடவை எதிரிகளின் கிளாவர் தீர்ந்துவிடும். மொத்தம் ஐந்து பிடி. கொடுக்க வேண்டியதை முதலிலேயே கொடுப்பது என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

துருப்பு ஆட்டத்தில் எண்ணிக்கை தலைகீழ். ஜெயிக்கும் பிடியை எண்ணுவதைவிடத் தோற்கும் பிடியை எண்ணுவது சுலபம். இஸ்பேடு துருப்பு, பத்துப் பிடி வேண்டும். அதாவது மூன்றுக்கு மேல் தோற்கக்கூடாது.

டம்மி:
இஸ்பேடு: 10 9 3
ஆர்ட்டின்: 6
டைமண்ட்: ஏஸ் 8 5 4
கிளாவர்: 9 8 7 5 3

நம் கை:
இஸ்பேடு: ஏஸ் ராஜா ராணி ஜாக்கி 5
ஆர்ட்டின்: ஏஸ் 8 4
டைமண்ட்: ராஜா 7 3
கிளாவர்: 6 2

ஆர்ட்டினில் இரண்டு, டைமண்டில் ஒன்று, கிளாவரில் இரண்டு. ஐந்து தோல்வி. இரண்டைக் குறைக்க வேண்டும். 'முதலில் எதிரியின் துருப்பை இழுத்துவிடு' என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள், அது பல கைகளுக்குச் சரி. இங்கே மூன்று சுற்று இழுத்தால் டம்மியின் துருப்பும் சேர்ந்து காலி. டம்மியிடம் ஒரே ஒரு ஆர்ட்டின்தான் என்பதைக் கவனியுங்கள். நம்முடைய 8-ஐயும் 4-ஐயும் டம்மியின் துருப்பால் வெட்ட வேண்டும், அதுவும் துருப்பு இழுப்பதற்கு முன்னால்.

எதிரிகள் கிளாவரில் இரண்டு பிடி எடுத்துவிட்டு டைமண்டை இறக்குகிறார்கள் என்று வையுங்கள். ஏஸ் டம்மியில், ராஜா நம் கையில். எதனால் பிடிப்பது? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஏஸால் பிடியுங்கள், ராஜா கரைக்குத் திரும்பும் படகு. டம்மியிலிருந்து ஆர்ட்டினை இறக்கி நம் ஏஸால் பிடித்து, 4-ஐப் போட்டு டம்மியின் 9-ஆல் வெட்டுகிறோம். டைமண்ட் ராஜாவில் ஏறித் திரும்புகிறோம். ஆர்ட்டின் 8-ஐ டம்மியின் 10-ஆல் வெட்டுகிறோம். ஏன் 3-ஆல் வெட்டவில்லை? எதிரிகளிடம் இருக்கும் பெரிய இஸ்பேடு 8-தான். 9, 10-ஐ மேல்வெட்டு வெட்ட யாராலும் முடியாது. மிச்சமிருக்கும் 3-ஐ இறக்கிக் கைக்கு வந்து, இப்போது நிதானமாகத் துருப்பை இழுக்கலாம். கிளாவரில் இரண்டு, டைமண்டில் ஒன்று, மூன்றே தோல்வி. டைமண்ட் 5-1 என்று பிரிந்து ராஜாவை யாராவது வெட்டிவிட்டால் போச்சு, அது வேறு.

ஏஸும் ராணியும் இருக்க, ராஜா எந்தப் பக்கம் என்று யூகித்து ஆடும் ஃபினெஸ் பற்றி நான் பேசவில்லை என்று இங்கே சில அண்ணன்மார் முணுமுணுப்பது கேட்கிறது. அது பாதிக்குப் பாதி. எல்லோருக்கும் பிடித்த வித்தை அதுதான், என் அபிப்பிராயத்தில் கடைசியாகக் கையில் எடுக்க வேண்டியதும் அதுதான். வேறு வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு சுண்டிவிட வேண்டிய காசு அது.

"எல்லாம் சரி, நல்ல சீட்டு வந்தவன்தானே ஜெயிக்கிறான்?" என்று முதல்வர் கேட்டார். வீட்டு ஆட்டத்தில் ஓரளவு உண்மை. போட்டிகளில் அப்படி இல்லை. ஒரு மேஜையில் ஆடிய நாலு கைகளையும் அப்படியே ஒரு பலகையில் செருகி அடுத்த மேஜைக்கு அனுப்புகிறார்கள். அதே சீட்டுகளை எல்லோரும் ஆடுகிறார்கள். நான் எட்டுப் பிடி எடுத்த அதே கையில் நீங்கள் பத்து எடுத்தால் உங்களுக்குப் புள்ளி. மோசமான கை வந்தது என்று அழ முடியாது; எல்லோருக்கும் அதே மோசம்தான். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதன்முறையாக பிரிட்ஜ் சேர்க்கப்பட்டது. ஆண்கள் இரட்டையர் பிரிவில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது வயது 60. 2023-இல் ஹாங்சோவில் நம் ஆண்கள் அணி வெள்ளி வாங்கியது.

முதல்வர் அவர்களுக்கு எங்கள் விண்ணப்பத்தை மறுபடியும் இங்கேயே வைக்கிறேன். நாலு மேஜையும் சீட்டுக்கட்டும் எங்கள் செலவு. அறைக்கதவு திறந்தே இருக்கும். எந்தப் பெற்றோரும் எப்போது வேண்டுமானாலும் வந்து நின்று பார்க்கலாம். தேர்வு மாதங்களில் பூட்டிவிடுவோம். காசு மேஜைக்கு வந்த அன்றைக்கே மேஜைகளை நாங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறோம். அனுமதி கிடைத்தால் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். நாலு பேராகச் சேர்ந்து வருவது நல்லது. மூணு பேர்தான் தேறினால், நாலாவதாக நான் உட்காருகிறேன்.