முயல் கறியும் பூனையின் இதயமும்



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டேவிஸ் என்றொரு ஊர். 2000-களின் தொடக்கத்தில், அங்குள்ள பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 22 பூனைகளை இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் கடையில் கிடைக்கும் தரமான பூனைத் தீவனம். மற்றதற்கு, முழு முயலை எலும்போடு அரைத்த பச்சைக் கறி. ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. முயல் தின்ற பூனைகளின் மலம் கெட்டிப்பட்டது. வயிறு நொய்ந்த பூனைக்கு இதைவிட நல்ல உணவு ஏது என்றே யாருக்கும் தோன்றியிருக்கும்.

பத்து மாதங்கள் ஓடின. முயல் தின்ற பூனை ஒன்று திடீரென இறந்தது. இதயம் விரிந்து தளர்ந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் எஞ்சியவற்றிலும் சுமார் 70 சதவீதத்துக்கு இதயத் தசையில் மாற்றம்.

காரணம் டாரின் பற்றாக்குறை. பூனையின் உடல் இந்த அமிலத்தைத் தனக்குப் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ளாது. கறியிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் இதயம் கெடும் என்று 1987-லேயே கண்டு சொன்னவர் பால் பியன். அவர் ஆய்வு செய்ததும் இதே டேவிஸில்தான்.

டாரின் போதாவிட்டாலும் முயல் கெட்ட கறி அல்ல. பூனைகளுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டுக்கறி, மீன், கோழி மூன்றும் முன்னால் நிற்கின்றன. ஆகவே ஒவ்வாமையால் வயிறு கெட்டதோ என ஐயம் எழுந்தால், பூனை அதுவரை தின்றிராத முயலையோ வாத்தையோ, அது ஒன்றை மட்டும், எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது மருத்துவர்கள் வழக்கம். அதற்கு முன் மலத்தில் புழு, கிருமி உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது.

எந்தப் பகுதிக் கறி என்பதும் முக்கியம். 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் டாரின் 18 மில்லிகிராம்தான். தொடைக்கறியில் 170-ஐ ஒட்டி. வான்கோழித் தொடையில் 300-ஐத் தாண்டும். விலங்குகளின் இதயத்திலும் நிறைய உண்டு. ஈரலோ, கொஞ்சம் போதும். தினமும் நிறையக் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும். சிலவகைப் பச்சை மீன் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும்.

பச்சையாகத்தான் கொடுக்க வேண்டுமா? 2023-இல் தென்கொரியாவின் சியோலில், வாத்துக்கறித் தீவனத்தில் பறவைக் காய்ச்சல் கிருமி இருந்தது தெரியவந்தது. காப்பகப் பூனைகள் பல இறந்தன. மறு ஆண்டு அமெரிக்காவின் ஆரிகனில், உறையவைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று அதே கிருமியால் மாண்டது. உறையவைப்பது அந்தக் கிருமியைக் கொல்வதில்லை; நன்றாக வேகவைப்பதுதான் கொல்லும்.

ஒவ்வாமையைத் தீர்மானிப்பது எந்தப் பிராணியின் கறி என்பதே. முயலை வேகவைத்தாலும் அது முயல்தான். வயிற்றுக்குக் கிடைக்கும் அந்தப் பயன் போய்விடாது. எலும்பை எடுத்துவிட வேண்டும், வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். அதனால் குறையும் சுண்ணாம்புச் சத்தையும், கூடவே டாரினையும் எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை மருத்துவர் கணக்கிட்டுத் தருவார். கறி வேகவைத்த நீரை மட்டும் கொட்டிவிடக் கூடாது. கறியிலிருந்து கரைந்த டாரின் அதில்தான் இருக்கிறது. கறியோடு பிசைந்து, ஆறியதும் தட்டில் வைக்கலாம்.